நீலத் திராட்சையைப் பழிக்காதீர்கள்

பெங்களூரு நீலத் திராட்சையில், சர்க்கரையும் கடை ஈஸ்டும் போடாமல் ஒயின் வராது என்கிறீர்கள். பர்கூரிலிருந்து மறுக்கிறேன். எல்லைக்கு அப்பால் கோலாரில் விளையும் இப்பழம் இசபெல்லா இனம். பிரேசிலில் அதில் ஏராளமாக ஒயின் செய்கிறார்கள். லிட்டர் சாற்றில் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஏறத்தாழ 1 சதவீத ஆல்கஹால். 170 கிராமுக்குப் பத்து. மென்மையான ஒயின், அவ்வளவே.

ஈஸ்ட் பழத்தோலிலேயே வாழ்கிறது. பூஞ்சைக்கொல்லி தெளித்தால் குறைந்துபோகும். இயற்கைத் தோட்டம் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். புளிப்பு அதிகம் என்கிறீர்களா? கந்தகம் சேர்க்காத ஒயினைக் கிருமிகளிடமிருந்து காப்பதில் அந்தப் புளிப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்நிய ரகம் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. கம்பம் பன்னீர்த் திராட்சையும் வெளியிலிருந்து வந்ததே. 2023இல் புவிசார் குறியீடு பெறவில்லையா?