ஒலிபரப்புக் குரல் சுகாதாரப் பணிக்கு வேண்டும்
வானொலி, தொலைக்காட்சிச் செய்தித் துறையில் தேர்ந்தவர்கள் பொதுச் சுகாதாரத் தகவல் பணிக்கு மாறுவதை வரவேற்கிறோம். பேராக் மாநிலச் சுகாதாரத் துறை தமிழ் ஒலிபரப்பாளர்களுக்கு நிரந்தரப் பதவிகளை உருவாக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறோம். மக்களிடம் தவறான தகவல் சென்றால் என்ன ஆகும் என்பதை ஈப்போ வட்டாரம் நன்கறியும். 1998இல் கிந்தா மாவட்டத்தின் பன்றிப் பண்ணையாளர்களைத் தாக்கிய நோய் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் முடுக்கிவிடப்பட்டன. அது நிப்பா என்ற புதிய வைரஸ் என 1999 மார்ச்சில்தான் வெளிப்பட்டது. மலேசியாவில் 105 உயிர்கள் பறிபோயின. பிழை நேர்ந்தது ஆய்வில்தான். ஆனாலும், நேற்றுச் சொன்னது இன்று மாறிவிட்டது என்பதை மக்கள் நம்பும்படி எடுத்துரைப்பது தனிப் பயிற்சி. செய்தியாளருக்கு அது கைவந்த கலை. இன்றைய எதிரி இனிப்புநீர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்தியரிடையே இன்னும் அதிகம். சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டிக்கு, மாத்திரை உறையில் மலாயில் உள்ள ‘சாப்பாட்டுக்கு முன்’ என்பதைப் பேரப்பிள்ளை வந்துதான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்குத் துண்டறிக்கை எதற்கு? அடுப்படியில் ஒலிக்கும் மின்னல் எஃப்எம் வானொலி போதும். அதே வேளையில், சுகாதார அமைச்சின் சாதனைகளை வாசிக்க மட்டும் இந்த ஒலிபரப்பாளர்களை அமர்த்தக் கூடாது. நோய்ப்பரவல் பற்றிய முறையான பயிற்சியும், கிளினிக்கில் மருந்து இல்லையென்றால் இல்லை என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு எழுத்துபூர்வமாக வழங்கப்பட வேண்டும்.