ஜல்லியாகும் கானகம்

ஜார்க்கண்ட் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், கங்கை தெற்கே திரும்பும் இடத்தில் ராஜ்மகால் குன்றுகள் உள்ளன. அங்கு உடைக்கப்படும் கருங்கல் ஜல்லி பல மாநிலங்களின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் செல்கிறது. லாரிகளில் ஏறிச் செல்வது ஜல்லி மட்டுமல்ல என்பதுதான் கவலைக்குரியது.

சுமார் 11.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கு எரிமலைக் குழம்பு அலை அலையாகப் பரவியது. ஒரு பெருக்கு ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் ஏரிகள் தோன்றின. அவற்றின் சேற்றில் இலைகளும் விதைகளும் தண்டுகளும் படிந்தன. அடுத்து வந்த குழம்பு அவற்றை மூடிக் காத்தது. பூக்கும் தாவரங்கள் உலகை ஆள்வதற்கு முந்தைய காடு அது. பெரணிகளும், ஊசியிலை மரங்களும், சைக்கஸை ஒத்த, இன்று அடியோடு அற்றுப்போன தாவரங்களும் நிறைந்திருந்தன.

1863-லேயே ஓல்டாமும் மோரிஸும் இத்தாவரங்களை நூலாக்கினர். பேராசிரியர் பீர்பால் சாஹ்னி, 1932-இல் இங்கு கிடைத்த வில்லியம்சோனியாவின் முழு உருவத்தை மீட்டுருவாக்கி, அதற்குத் தன் கேம்பிரிட்ஜ் ஆசான் சீவர்டின் பெயரைச் சூட்டினார். நிபானியா கிராமத்துக் கற்களில் கண்ட பென்டாக்சிலியே என்னும் புதிய தாவரக் குழுவை 1948-இல் உலகுக்கு அறிவித்தார். மறு ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி லக்னௌவில் அவரது ஆய்வு நிறுவனத்துக்குப் பிரதமர் நேரு நாட்டிய அடிக்கல்லிலேயே புதைபடிவங்கள் பதிக்கப்பட்டிருந்தன. அடுத்த ஒரு வாரத்துக்குள் சாஹ்னி மறைந்தார்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசிய நினைவுச் சின்னப் பட்டியலில், நமது திருவக்கரை, சாத்தனூருடன் சாஹிப்கஞ்ச் மாவட்டத்தின் மண்ட்ரோவும் இடம்பெற்றுள்ளது. 2022-இல் அங்கு புதைபடிவப் பூங்காவும் திறக்கப்பட்டது. வரவேற்க வேண்டியதே. ஆனால், அதே ஆண்டில்தான் அம்மாவட்டத்தின் சட்டவிரோதக் கல் குவாரிகள் குறித்து அமலாக்கத் துறையும் விசாரிக்க நேர்ந்தது! எரிமலைப் பாறையின் அடுக்குகளுக்கு நடுவில்தான் படிவங்கள் உள்ளன. பாறைக்கு வெடி வைத்தால் படிவம் மட்டும் எப்படித் தப்பும்?

பட்டியலில் சேர்ப்பது மத்திய அரசின் துறை. கட்டுமானக் கல் சிறு கனிமம் என்பதால் குவாரி உரிமம் தருவது மாநில அரசு. இந்த இடைவெளியை அடைக்க வந்த புவிப் பாரம்பரிய மசோதாவின் வரைவை 2022 டிசம்பரில் வெளியிட்டது, கனிமங்களைத் தோண்டுவதற்கென்றே உள்ள சுரங்க அமைச்சகம். முரண்தான். நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்துக்கு அதில் இடமுண்டு. குன்றுகளில் வாழும் பஹாடியா, சந்தால் மக்களின் ஒப்புதலுக்கும் அதே அளவு இடம் தரப்பட வேண்டும். வெடியதிர்வையும் கல் தூசியையும் சுமப்பவர்கள் அவர்களே.

ஜார்க்கண்ட் அரசு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. புவியியலாளரின் நேரடி ஆய்வறிக்கை இல்லாமல் இக்குன்றுகளில் குவாரி உரிமம் வழங்கவோ புதுப்பிக்கவோ கூடாது என்று தனது சிறு கனிம விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவர, 1957-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமே அதற்கு அதிகாரம் அளித்திருக்கிறது.