தூளா, இலையா?

தமிழ்நாட்டு டீக்கடையில் டீயைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் மொத்தம் இரண்டுதான். லைட்டா, ஸ்ட்ராங்கா? சர்க்கரை போடலாமா, வேண்டாமா? எந்தத் தோட்டம், எந்த மாதம் பறித்தது என்றெல்லாம் எந்த மாஸ்டரிடமும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஆற்றிக்கொண்டிருக்கும் கையை நிறுத்திவிட்டு ஒரு மாதிரி பார்ப்பார். அதில் தப்பும் இல்லை. பாலும் சர்க்கரையும் இஞ்சியும் சேர்ந்த பிறகு தோட்டமாவது, மாதமாவது!

ஆனால் நீலகிரியும் வால்பாறையும் இருக்கிற மாநிலம் இது. சொந்த மலையில் விளைகிற இலை தனியாக எப்படி ருசிக்கும் என்று தெரியாமலே அறுபது வருஷம் தினம் மூன்று டீ குடித்து முடிக்கிறவர்கள்தான் இங்கே அதிகம். இதில் ருசி மட்டும் போகவில்லை, வேறு ஒன்றும் போகிறது. அதற்குப் பிறகு வரலாம்.

முதலில் அடிப்படை. கறுப்பு டீ, பச்சை டீ, ஊலாங் எல்லாமே ஒரே செடிதான். பறித்த பிறகு இலையை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். கறுப்பு டீயிலேயே இரண்டு வழி உண்டு. இலையை வாடவைத்து, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு உலர்த்துவது பழைய முறை. அதற்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை விட்டு நசுக்கிக் கிழித்துக் குருணையாகச் சுருட்டுவது சிடிசி. இது 1930களில் அஸ்ஸாமில் வந்தது. குருணை சின்னது என்பதால் தண்ணீர் பட்டதும் சாயம் இறங்கிவிடும், எவ்வளவு பால் ஊற்றினாலும் தாங்கும். பால் டீ குடிக்கிற நாட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

இலை டீ விற்கும் கடைக்குப் போனால் டப்பாக்களின் மேல் ஓபி, பிஓபி, டிஜிஎஃப்ஓபி என்று எழுத்துகளாக இருக்கும். ஓபி என்றால் ஆரஞ்ச் பீக்கோ. ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இந்த எழுத்துகள் பெரும்பாலும் சல்லடையில் சலித்தபோது கிடைத்த இலையின் அளவையும் தோற்றத்தையும்தான் சொல்கின்றன, ருசியை அல்ல. டஸ்ட் என்பதும் தரையில் கூட்டிய குப்பை இல்லை. கடைசிச் சல்லடையில் நிற்கிற சின்னத் துகள், அவ்வளவுதான். நல்ல தோட்டத்து டஸ்ட், மோசமான தோட்டத்தின் நீள இலையைச் சுலபமாகத் தோற்கடிக்கும். எஃப்டிஜிஎஃப்ஓபி என்பதற்கு 'சாதாரண ஜனங்களுக்கு இது ரொம்ப ஓவர்' என்று அர்த்தம் வருகிற மாதிரி இங்கிலீஷில் ஒரு விரிவாக்கம் வியாபாரிகளிடமே புழங்குகிறது. எழுத்து கூடக் கூட விலையும் கூடுவதைப் பார்த்தால் அது முழுக்க ஜோக் என்றும் சொல்ல முடியவில்லை.

சரி, எழுத்தை நம்பக்கூடாது என்றால் எதை நம்புவது? நாக்கைத்தான். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஐஎஸ்ஓ 3103 என்று 1980-ல் ஒரு சர்வதேச அளவுகோலே போட்டிருக்கிறார்கள். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிக்கும் நீர், 6 நிமிடம், பீங்கான் பாத்திரம். (டீ போடுவதற்கு ஆறு பக்கம் எழுதியதற்காக பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999-ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள்!) கேலி செய்தவர்களுக்கு ஒரு விஷயம் புரியவில்லை. அது ருசியான டீ போடும் குறிப்பே இல்லை, ஒப்பிடுவதற்கான குறிப்பு. இரண்டு வருஷத்து விலைவாசியை ஒப்பிட வேண்டும் என்றால் அடிப்படை ஆண்டு ஒன்றாக இருக்க வேண்டும் என்று பி.காம். புள்ளியியலில் வருமே, அதே கதைதான். வீட்டில் செய்கிறவர்கள் ஸ்பூனை நம்பக்கூடாது. ஒரு ஸ்பூன் தூளும் ஒரு ஸ்பூன் நீள இலையும் ஒரே எடை கிடையாது. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும்.

டீயை ருசி பார்ப்பது என்றதும் ஒயின் பேச்சு மாதிரி 'ஆப்ரிகாட் வாசனை, தேன் சாயல்' என்று ஆரம்பிக்கிறவர்கள் மேல் எரிச்சல் வருவது நியாயம்தான். தமிழில் அந்தச் சிரமமே வேண்டாம். அறுசுவையில் துவர்ப்பு என்று ஒன்றைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிற மொழி இது. டீயில் கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. இது புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. வாழைப்பூவும் நெல்லிக்காயும் பாக்கும் தின்று வளர்ந்த நாக்குக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாக்கைச் சுண்டி இழுத்துவிட்டு உடனே விடுகிற துவர்ப்பு நல்ல டீயில் இருக்கும். தொண்டை வரை இறங்கி உட்கார்ந்துகொள்கிற கசப்பு இருந்தால் இலையில் கோளாறு, அல்லது போட்டவர் அதிக நேரம் ஊறவிட்டுவிட்டார்.

இனி கப்புகள். அஸ்ஸாம் இலை கனமானது. ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்ததும் வருமே, அந்த வாசனைக்குத் தூரத்துச் சொந்தம். டார்ஜிலிங்கில் மார்ச் வாக்கில் பறிக்கிற முதல் கொழுந்து நேர் எதிர். வெளிர் மஞ்சளாக இருக்கும், பூ வாசனை வரும். ஸ்ட்ராங் டீ ஆசாமிகள் இதை வெந்நீர் என்று தள்ளிவிடுவார்கள். இதை 6 நிமிடம் ஊறவிட்டால் கசந்துவிடும், குடிப்பதற்கு 3 நிமிடம் போதும். இந்தியாவில் முதல் புவிசார் குறியீடு வாங்கியது டார்ஜிலிங் டீதான், 2004-ல். அந்தப் பெயருக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும். இலங்கையில் ஊவா மலைகளில் ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும்போது வருகிற டீயில் வலித்தைலத்தின் சாயல் இருக்கும். பிடித்தால் ரொம்பப் பிடிக்கும், இல்லாவிட்டால் சுத்தமாகப் பிடிக்காது.

நீலகிரி? டிசம்பர், ஜனவரி பனியில் மெதுவாக வளர்ந்த கொழுந்தில் செய்த ஆர்த்தடாக்ஸ் டீயைப் பால் இல்லாமல் குடித்துப் பார்க்க வேண்டும். நல்ல மணம், தெளிவான நிறம். ஐஸ் டீக்கு இதைத் தேடி வாங்குகிறார்கள், ஆறினாலும் கலங்காது என்பதால். டார்ஜிலிங்குக்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை. ஆனால் நீலகிரி டீயில் பெரும்பகுதி பெயரே இல்லாமல் கலவைத் தூள்களுக்குள் போய்விடுகிறது.

நஷ்டம் இங்கேதான். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ருசி பார்ப்பவர்கள் உறிஞ்சித் துப்பி மதிப்புப் போட, அதை வைத்து விலை கேட்கிறார்கள். சிறு விவசாயி கொடுக்கிற பச்சைத் தேயிலையின் விலையும் அந்த ஏலச் சராசரியோடு கட்டப்பட்டிருக்கிறது. 2003-ல் வந்த தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிற முறை அது. ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறித்தால் எடை குறையும், கூலி ஏறும். குடிக்கிறவன் கேட்பது மலிவும் சாயமும் மட்டும் என்றால் ஃபேக்டரிக்கு நல்ல கொழுந்து எதற்கு? முற்றிய இலையும் சேர்ந்தே போகும், ஏல விலை இறங்கும், அது திரும்பவும் விவசாயி தலையில் விழும். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு நீலகிரி விவசாயிகள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். மானியமும் ஆதார விலையும் தேவைதான். ஆனால் டிமாண்ட் பக்கம் ஒன்றுமே மாறாமல் அரசாங்கமே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா?

இலை டீ பணக்காரர் சமாச்சாரம் என்று ஒரு வாதம் வரும். கணக்குப் போட்டால் தெரியும். கிலோ 1,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கப்புக்கு 2 கிராம் என்றால் கிலோவுக்கு 500 கப், ஒரு கப் இரண்டு ரூபாய். பால் செலவு கிடையாது. நல்ல இலையை இன்னொரு தடவையும் ஊறவைக்கலாம், அப்போது ஒரு ரூபாய்தான். டீக்கடையில் இந்தக் காசுக்கு வடைத்தூள்கூட வராது.

ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு வகை 50 கிராம் வாங்கி, பெயரை மறைத்து, நம்பர் மட்டும் ஒட்டிக் குடித்துப் பார்க்கலாம். அதில் வழக்கமான டஸ்ட் டீயையும் ஒரு நம்பராகச் சேர்ப்பது நல்லது. பால் இல்லாத முதல் சுற்றில் அது அநேகமாகக் கடைசியில் வரும். பால் ஊற்றி இரண்டாவது சுற்று வைத்தால் டார்ஜிலிங் காணாமல் போயிருக்கும், டஸ்ட் ஜெயித்திருக்கும்.