ஐந்து நாள் ஜுரம், ஐந்து மாதக் கடன்

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் புதுச்சேரி சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. எச்3என்2 என்னும் இன்புளுயன்சா ஜுரம் பரவுகிறது. ஆகவே 16-ந் தேதி முதல் 26-ந் தேதி வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடங்களை மூட வேண்டும் என்றது அந்த உத்தரவு. காரைக்காலும் அதற்குள் அடக்கம். அதற்கு ஆறு மாதம் முன்புதான், 2022 செப்டம்பரில், இதே ஜுரத்துக்காக 17 முதல் 25 வரை பள்ளிகள் மூடப்பட்டிருந்தன.

குழந்தைகள் நெருக்கி உட்காரும் இடத்தைச் சில நாள் மூடுவது தவறு என்று நாம் சொல்லவில்லை. நோயைத் தடுக்க அதுவும் ஒரு வழி. நாம் கேட்பது வேறு. அந்தப் பதினொரு நாளும் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? அதற்கு யார் கூலி கொடுத்தார்கள்?

மார்ச் என்பது நம் பக்கத்து வயல்களில் உளுந்தும் பயறும் எடுக்கிற காலம். திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி எங்கும் பெண்கள் கையைத்தான் அந்த வேலை நம்பியிருக்கிறது. தாய் வயலுக்குப் போனால் பிள்ளைக்குக் காவல் இல்லை. காவலுக்கு நின்றால் கூலி இல்லை. பள்ளியில் கிடைத்த மதியச் சோறும் வீட்டுப் பானையின் கணக்கில் வந்து சேருகிறது. வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குப் போனால் அங்கே பள்ளி மணி அடித்துக்கொண்டிருந்தது; தமிழ்நாட்டு சர்க்கார் அப்போது பள்ளிகளை மூடவில்லை. ஜுரத்துக்கு எல்லைக்கல் தெரியாது. கூலி நஷ்டத்துக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது!

இன்புளுயன்சா பணக்காரனையும் பிடிக்கும், ஏழையையும் பிடிக்கும் என்று சமாதானம் சொல்லுவார்கள். பிடிப்பது உண்மை. ஆனால் மாதச் சம்பளக்காரர் லீவுச் சீட்டு எழுதி அனுப்பிவிட்டுப் படுக்கிறார். விவசாயத் தொழிலாளி யாருக்குச் சீட்டு எழுதுவது? வரப்புக்கா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆணுக்கு நாள் கூலி 600 ரூபாய், பெண்ணுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (ஒரே வெயிலில் நின்று செய்யும் வேலைக்கு இந்தப் பேதம் ஏன் என்பது தனிச் சண்டை.) கணவன் ஐந்து நாள் படுத்தால் 3,000 போயிற்று. மனைவி மூன்று நாள் பக்கத்திலிருந்து கஞ்சி கொடுக்கிறாள். பிறகு அவளையும் ஜுரம் பிடித்து நான்கு நாள் படுக்கவைக்கிறது. அதில் 2,100. ஆக 5,100 ரூபாய், மருந்துக் கடைச் செலவு சேராமல். குழுக் கடன் தவணை வாங்க வருகிறவர் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டாலும் கேட்பார். தவணையை விட்டுவிட்டுப் போகமாட்டார். தவணை கட்ட இன்னொரு கைமாற்று, அதற்கு வட்டி. ஜுரம் ஐந்தாம் நாள் இறங்கிவிடுகிறது, கடன் இறங்குவதில்லை.

ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1936-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு துப்பாக்கிக்கு இரையான பின்னர்தான் இந்த மண்ணில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. சலுகை எதுவும் சும்மா வந்ததில்லை. ஆனால் 1948-ம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் ஒரு சின்ன விதியை வைத்தது: நோயின் முதல் இரண்டு நாளுக்கு உதவித் தொகை கிடையாது. அதற்குப் பின்தான் நூற்றுக்கு எழுபது. நான்கு நாள் ஜுரம் வந்தவன் பாதி நாளைக் கைவிட வேண்டும். மீதியிலும் முழுக் கூலி இல்லை. அதுவும் ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால்தான். காண்ட்ராக்டில் வந்து போகிற பையன்களில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு எட்டும்? அதனால் ஜுரத்தோடேயே ஷிப்டுக்கு வருகிறான். பஞ்சுத் தூசியில் ஏற்கனவே நெஞ்சு கெட்டவர்கள் பக்கத்தில் நின்று இருமுகிறான். குற்றம் அவனுடையதா?

வயல் வேலைக்கு அந்த எழுபதும் இல்லை. விவசாயத் தொழிலாளருக்கும் நோய்க்கால இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1927-லேயே உடன்படிக்கை எழுதியது. இந்தியா அதை ஏற்கவேயில்லை. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமும் வேலைத்தளத்தில் காயம் பட்டால் சிகிச்சை என்றதே தவிர, ஜுரத்தில் கிடந்த நாளுக்குக் கூலி என்று சொல்லவில்லை.

இதைச் சாதாரண சளி என்று தள்ள முடியாது. 1957-ல் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்த இன்புளுயன்சா, மறு ஆண்டின் தொடக்கத்துக்குள் இந்தியாவில் சுமார் 44 லட்சம் பேரைப் படுக்கவைத்தது. ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பதிவானது அவ்வளவு. இன்றும் உலகில் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இதன் மூச்சுக் கோளாறால் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. பெரிதும் பலியாவது கிழவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நெஞ்சு நோயாளிகள். தடுப்பூசி இருக்கிறது, ஆண்டுக்கொரு முறை போட வேண்டும். சர்க்காரின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை. வெளியே ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. வயிற்றில் பிள்ளையோடு நாற்று நடுகிற பெண் அந்த ஆயிரத்துக்கு எத்தனை முடி நட வேண்டும்?

நம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு இந்த ஜுரம் ஏறும். அதுதான் சம்பா நடவும் களையும் நடக்கும் நாள். ஆண்டில் கூலி நிச்சயமாகக் கிடைக்கிற சில வாரங்கள். ஆகவே மழைக்கு முன்பே காரைக்கால் ஆஸ்பத்திரியிலும் கொம்யூன் சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் இலவசமாக ஊசி போட வேண்டும். இ.எஸ்.ஐ. முதல் நாளிலிருந்தே பணம் தர வேண்டும். அடுத்த முறை பள்ளியை மூடும் உத்தரவை சர்க்கார் டைப் அடிக்கும்போது, அதே தாளில் இன்னொரு வரியும் அடிக்கட்டும்: பள்ளி மூடிய நாட்களுக்குப் பிள்ளைகளின் சோற்றுக்கு அரிசி வீடு வந்து சேரும், வீட்டில் நின்ற தாய்க்குக் கூலி உண்டு என்று.