வீட்டைக் கழுவ முன் எதை எறிவது, எதைக் காப்பது?

ஊரில் தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் முன் வீடு வாசலைத் துப்பரவாக்குவது எங்கள் வழக்கம். பாயும் தலையணையும் முற்றத்து வெயிலில் காயும். பெட்டி, வாங்கு, கதிரை எல்லாம் விறாந்தைக்கு வரும். அறை வெறுமையான பிறகுதான் தும்புத்தடியும் தண்ணீரும் உள்ளே போகும். பார்க்கிங்கில் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது முற்றமும் இல்லை, விறாந்தையும் இல்லை, தை மாதத்தில் வெயிலும் இல்லை. ஆகவே சாமான்களைக் குறைக்காமல் கழுவத் தொடங்கினால், அழுக்கை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றியதாகத்தான் முடியும்.

குறைக்க மனம் வராது என்பது உண்மை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் புறப்பட்ட சனம் கைக்கு எட்டியதை மட்டுமே கொண்டு நடந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கரை வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவருக்கு ஒரு பழைய போத்தலை எறியவும் கை கூசும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் போத்தலும் மூன்று பழைய சூட்கேசும் சுவரோடு சுவராக அடுக்கப்பட்டால், அதற்கான விலையைப் பிள்ளைகளின் நெஞ்சு கொடுக்கும்.

பார்க்கிங் ஒருகாலத்தில் பெரிய மீன்பிடித் துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹியூவெற் குடும்பத்தின் படகுகள் இங்கிருந்து வட கடலுக்குப் போய் வந்தன. றோடிங் ஆறு இன்றும் இதன் ஓரமாக ஓடித் தேம்ஸ் நதியில் சேர்கிறது. "ஆற்றங்கரை ஊர், அதனால்தான் ஈரம்" என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கறுப்புப் பூஞ்சணம் வளர ஆறு தேவையில்லை. சோறு வடிக்கும் ஆவி, குளிக்கும் ஆவி, ஹீட்டரில் காயும் உடுப்பு, நாங்கள் விடும் மூச்சு எல்லாம் சேர்ந்து குளிர்ந்த வெளிச்சுவரில் நீராகப் படியும். அந்தச் சுவரோடு அலுமாரி ஒட்டி நின்றால் காற்று புகாது. பூஞ்சணம் பின்னால் இருந்துகொண்டே வளரும்.

இது சிறிய விஷயம் அல்ல. றொச்டேல் நகரில் இரண்டு வயதுப் பாலகன் அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டிலிருந்த பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். முறையிட்டும் வீடு திருத்தப்படவில்லை. அவன் பெயரால் வந்த சட்டம் இங்கிலாந்தின் கவுன்சில் வீடுகளுக்கும் வீடமைப்புச் சங்க வீடுகளுக்கும் 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. பாரதூரமான ஈரம், பூஞ்சணம் பற்றி அறிவித்தால் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். உயிராபத்தான அவசர நிலையென்றால் 24 மணித்தியாலம்.

ஆகவே பூஞ்சணத்தைத் துடைக்க முன் திகதி தெரியும்படி படம் எடுங்கள். வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். துடைத்துப் பெயின்ற் பூசிவிட்டு முறையிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இராது. கூரை ஒழுகுவதும் சுவர் ஈரத்தை உறிஞ்சுவதும் வீட்டுக்காரர் திருத்த வேண்டியவை. அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பதும், சமைக்கும்போது குசினி யன்னலைத் திறப்பதும் எங்கள் கையில் இருப்பவை.

இனி, எறியக்கூடாதது. துப்பரவு வேகத்தில் முதலில் குப்பைக்குப் போவது பழைய கடிதக் கட்டுத்தான். இங்கே நில்லுங்கள்.

கரீபியன் தீவுகளிலிருந்து 1973க்கு முன் சட்டப்படி வந்து குடியேறிய பலரிடம், பல பத்தாண்டுகள் கழித்து, இங்கு வாழ்ந்ததை ஆண்டு ஆண்டாக நிரூபிக்கும்படி ஹோம் ஒபீஸ் கேட்டது. அவர்கள் வந்திறங்கிய அட்டைகளை அதே ஹோம் ஒபீஸ் 2010இல் அழித்திருந்தது. வேலை இழந்தவர்கள், வைத்தியம் மறுக்கப்பட்டவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் உண்டு. 2018இல் 'வின்ட்றஷ்' விவகாரமாக இது வெடித்தது. அரசாங்கமே தன் பதிவை எறியலாம். நாங்கள் எங்களுடையதை எறியக் கூடாது.

ஆகவே கழுவும் நாளுக்கு முதல் நாள் ஒரு கோவையும் ஒரு மூடியுள்ள பெட்டியும் எடுங்கள். ஹோம் ஒபீஸ் கடிதங்கள், நேர்முக விசாரணைப் பிரதி, சட்டத்தரணியின் கடிதங்கள், வைத்திய அறிக்கைகள், ஊர்ப் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பழைய கடவுச்சீட்டு, காலாவதியான பி.ஆர்.பி. அட்டை அனைத்தையும் வையுங்கள். பெரும்பாலான அட்டைகள் 2024 டிசம்பர் 31உடன் முடிந்து ஈ-விசா வந்துவிட்டது என்பதற்காக அட்டையை வெட்டி எறியாதீர்கள். சம்பளத் துண்டு, பி-60, கவுன்சில் வரிப் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் ஆகியவற்றை ஆண்டுவாரியாக அடுக்குங்கள். நாளை இங்கு வாழ்ந்த காலத்துக்குச் சான்று கேட்டால் இவைதான் பேசும். பெட்டி வெளிச்சுவரோடு வேண்டாம், கட்டிலுக்குக் கீழ் நிலத்திலும் வேண்டாம். ஈரம் கடதாசியையும் தின்னும்.

அதன் பிறகு மற்றவற்றுக்கு இரக்கம் தேவையில்லை. பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சப்பாத்து, உடைந்த ரி.வி., வரப்போகும் உறவினருக்கென்று வைத்திருக்கும் நாலாவது மெத்தை எல்லாம் போகட்டும். நல்லதைத் தர்மக் கடைக்குக் கொடுங்கள். பெரிய சாமான்களை டாகன்ஹாம் ஃபிரிஸ்லண்ட்ஸ் லேனில் உள்ள நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். என்னென்ன எடுப்பார்கள், என்ன அத்தாட்சி வேண்டும் என்று கவுன்சிலிடம் முதலில் விசாரியுங்கள். இரவோடிரவாக நடைபாதையில் மெத்தையைப் போட்டால் 1,000 பவுண் வரை தண்டம் வரலாம். வாசலில் தட்டி மலிவாக ஏற்றிப் போகிறேன் என்பவரிடம் அனுமதிப்பத்திரம் கேளுங்கள். அவர் தெருவில் கொட்டினாலும் கேள்வி உங்களிடம் வரும்.

கழுவும்போது மேலிருந்து கீழாக வாருங்கள். யன்னல் திறந்திருக்கட்டும். பிளீச்சோடு வினாகிரியையோ வேறு கழுவு மருந்தையோ ஒருபோதும் கலக்க வேண்டாம், நச்சு வாயு கிளம்பும். ஆஸ்த்மா உள்ளவரைப் பூஞ்சணம் துடைக்க விடாதீர்கள்.

வீட்டைக் கழுவுவது ஒரு நாள் வேலை. கடதாசிப் பெட்டியை இந்தச் சனிக்கிழமை இரவே, பிள்ளைகள் படுத்த பிறகு, தொடங்கிவிடுங்கள்.