ஷாக் அப்சார்பர் மேல பழி போடாதீங்க

குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோட கிளம்பற காரைப் பின்னாடி இருந்து பார்த்திருக்கீங்களா? மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் தரையைத் தேய்க்கும். வேகத்தடை வந்தா உள்ளே இருக்கற எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்குவாங்க. "டம்"னு ஒரு சத்தம். உடனே முன் சீட்டுல இருந்து தீர்ப்பு வரும்: "பின்னாடி ஷாக் அப்சார்பர் போயிடுச்சு."

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்புங்கறது என் கருத்து. அதைத் தப்புன்னு சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வண்டியில நீங்கதான். ஆனா நீங்க கடைசி சீட்டுல இயர்போன் மாட்டிட்டு உட்கார்ந்திருக்கீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்க சித்தப்பாவோட ஏழு சீட் வண்டி. போன வருஷம் இதே "டம்" சத்தத்துக்காகப் பின்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்தினார். அடுத்த பயணத்துல அதே வேகத்தடை, அதே சத்தம். ஆச்சரியப்பட ஒண்ணுமே இல்லை. வண்டியைத் தாங்கறது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரோட வேலை, ஆடற ஆட்டத்தை அடக்கறது. நின்னுட்டு இருக்கற வண்டி தாழ்ந்திருந்தா அதுக்கு ஷாக் அப்சார்பர் காரணம் இல்லை. இதை நாம வைப்ரேஷன் பேப்பர்ல முதல் யூனிட்லயே எழுதிட்டு வந்துட்டோம். வீட்டு வாசல்ல நிக்கற வண்டிக்கு மட்டும் அது ஞாபகம் வராது.

சரி, ஸ்பிரிங்தான் வீக் ஆயிடுச்சுன்னு அடுத்த தீர்ப்பு வரும். இங்கேயும் கொஞ்சம் நில்லுங்க. காயில் ஸ்பிரிங்கோட விறைப்பு எதையெல்லாம் பொறுத்தது? கம்பி விட்டத்தோட நாலாம் அடுக்கு, சுருள் விட்டத்தோட மூணாம் அடுக்கு, சுற்றுகளோட எண்ணிக்கை, அப்புறம் ஸ்டீலோட ரிஜிடிட்டி மாடுலஸ். இதுல எதுவுமே வயசானா பெருசா மாறாது. மாறறது ஸ்பிரிங்கோட நீளம். வருஷக்கணக்கா அழுந்தி அழுந்தி, கொஞ்சம் நிரந்தரமா குட்டையாயிடும். அப்படி ஆகியிருந்தா ஆள் ஏறாத வண்டியே தாழ்ந்து நிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம், தையல் டேப் போதும். சமதரையில வண்டியை நிறுத்துங்க. பின் சக்கரத்தோட மையத்துல இருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து, ரெண்டு பக்கமும் குறிச்சுக்குங்க. அப்புறம் எல்லாரையும் ஏத்தி, மூட்டையும் ஏத்தி மறுபடி அளங்க. ஒரு பக்கம் மட்டும் குறைஞ்சா அந்தப் பக்க ஸ்பிரிங் உடைஞ்சிருக்கலாம். அடிச்சுற்று உடைஞ்சு, அது உட்கார்ற கிண்ணத்துக்குள்ளேயே மறைஞ்சு கிடக்கும், டார்ச் அடிச்சாத்தான் தெரியும். காலியா இருக்கும்போதே ரெண்டு பக்கமும் தாழ்வா இருந்தா ஸ்பிரிங் குட்டையாயிடுச்சு. காலியில சரியா இருந்து, ஏத்தினதும் மட்டும் அமுங்கினா வண்டியில கோளாறு இல்லை. சுமை அதிகம்.

சித்தப்பா வண்டியில காலியில 39.5 செ.மீ., ஏத்தினதும் 31. எதிர் வீட்டுல அதே மாடல், வாங்கி ஒரு வருஷம்தான் ஆச்சு. அதுலயும் காலியில கிட்டத்தட்ட அதே அளவு. அப்புறம்தான் எடையைக் கூட்டினேன். பெரியவங்க 7 பேர், தலைக்கு 65 கிலோன்னு 455. குழந்தைங்க ரெண்டு, 60. பொங்கல் பானை, அரிசி, பெட்டி, மேலே கேரியர் எல்லாம் சேர்த்து 110. மொத்தம் 625. மேனுவல்ல மொத்த எடையில இருந்து வெறும் வண்டி எடையைக் கழிச்சா 550. அதாவது 75 கிலோ அதிகம், அதுல பெரும்பகுதி பின்னாடி.

டிக்கி சாமான் இன்னும் ஒரு வேலை பண்ணும். பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னாடி 100 கிலோ வெச்சா, வீல்பேஸ் 2.7 மீட்டர்னா, பின் அச்சு மேல 122 கிலோ ஏறும், முன் அச்சுல இருந்து 22 கிலோ குறையும். ஸ்டீயரிங்கும் இழுவையும் முன்னாடி இருக்கற வண்டியில இது நல்ல சேதி இல்லை. ஹெட்லைட்டும் மேலே தூக்கி எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். பல வண்டிகள்ல அதை இறக்க டாஷ்போர்டுல ஒரு சின்ன திருகு இருக்கு. அதைத் திருகின ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கலை.

ஷாக் அப்சார்பர் கெடவே கெடாதுன்னு சொல்ல வரலை. உடம்பெல்லாம் எண்ணெய் வழிஞ்சிருந்தா, பள்ளம் தாண்டின பிறகும் வண்டி படகு மாதிரி ஆடினா, டயர்ல அங்கங்கே குழி குழியா தேஞ்சிருந்தா மாத்தத்தான் வேணும். சுமை ஏறினா நல்ல ஷாக் அப்சார்பரே திணறும்: பின்பக்க எடை ஒன்றரை மடங்கானா டேம்பிங் ரேஷியோ சுமார் 18 சதவீதம் குறையும். சின்னச் சின்னக் குழியில "டக் டக்"னு கேட்டா புஷ்ஷையும் மேல் மவுண்ட்டையும் பாருங்க. "டம்"முக்கு பம்ப் ஸ்டாப் ரப்பரைப் பாருங்க. அடிக்கடி அடிபட்டா பளபளன்னு தேஞ்சிருக்கும், சிலதுல பிஞ்சே போயிருக்கும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வர்றது, ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவுல சொருகற ரப்பர் பஃபர் மேலதான். அம்பாசடர் காலத்துல லீஃப் ஸ்பிரிங்ல ஒரு பட்டை சேர்த்துப் போட்ட வைத்தியத்தோட பேரன் இது. சொருகினா வேலை செய்யற சுற்றுகள் குறையும், ஸ்பிரிங் விறைக்கும், வால் தூக்கும், சத்தம் நிக்கும். ஆனா அதே பள்ளத்தோட அமுக்கத்தை இப்போ குறைவான சுற்றுகள் பங்கு போட்டுக்கணும். டயரோட லோட் இண்டெக்ஸ் அதேதான். 82னு இருந்தா ஒரு டயருக்கு 475 கிலோ, அவ்வளவுதான். பிரேக்கும் அதேதான். வண்டி நேரா நிக்கறதால "இன்னும் ஒரு மூட்டை ஏத்தலாம்"னு தோணும். அந்த "டம்" வண்டி நமக்குச் சொல்ற ஒரே தகவல். அதோட வாயில ரப்பரை அடைக்கறோம்.

இதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னேன். "படிச்ச திமிரு"ன்னார். கணக்கு போட்ட தாளைக் காட்டினேன். "அப்போ யாரை இறக்கி விடறது, உங்க பாட்டியையா?"ன்னு கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த யூனிட்லயும் பதில் இல்லை. அதுதான் இதுல கஷ்டமான பகுதி. ஸ்பிரிங்கை அளக்கறது சுலபம், வீட்டுல "ரெண்டு பேர் பஸ்ல வரட்டும்"னு சொல்றதுதான் கஷ்டம்.

பாட்டியை இறக்கலை. இந்தத் தடவை நானும் சித்தப்பா பையனும் பஸ் ஏறினோம். கேரியரைக் கழட்டி, பானையை எங்க மடியில வெச்சுக்கிட்டோம். பின் டயர்ல காத்து, டிரைவர் கதவுப் பக்கத்துல இருக்கற ஸ்டிக்கர்ல ஃபுல் லோடுக்குப் போட்டிருந்த அளவு. கிளம்பறதுக்கு முன்னாடி சித்தப்பா அவரே டேப் எடுத்துட்டு வந்து அளந்தார். 33.5.