திறவாத சிப்பியின் விலை

அரிப்புக் கடற்கரையிலே அலையால் அரிக்கப்பட்டு இடிந்து நிற்கும் மாளிகை ஒன்று உண்டு. ஊரார் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். வரலாறு கூறுவது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேசாதிபதி பிரடெரிக் நோர்த் முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்கெனக் கட்டுவித்த இல்லம் அது. அண்மையில் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். நான் சலாபத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் குறுக்கிட்டான்.

“சேர், பத்தொன்பது வயதுப் பொடியனுக்குப் பதினாலு கோடி குடுக்கிறாங்கள். நாங்கள் ஏன் இந்தச் சோதனைக்குப் படிச்சுக்கொண்டிருக்க வேணும்?”

மற்றவர்கள் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. எங்கள் மன்னாரில் கால்பந்தே முதல் விளையாட்டு எனினும், இவன் பந்தை எல்லைக்கு அப்பால் விரட்டுவதில் பெயர் பெற்றவன். ஆதலால் அவன் வினா வீண் வினாவன்று. அன்று அரைகுறையாகச் சொன்ன மறுமொழியை ஈண்டு முழுமையாகச் சொல்ல முயல்கின்றேன்.

அவன் குறித்தது, 2025 டிசெம்பர் 16ஆம் நாள் அபுதாபியில் நடந்த இந்தியப் பிரிமியர் லீக் ஏலத்தை. கார்த்திக் சர்மா என்னும் 19 வயதுத் துடுப்பாட்டக்காரரையும், பிரசாந்த் வீர் என்னும் 20 வயதுச் சகலதுறை ஆட்டக்காரரையும் சென்னை அணி தலைக்கு 14.20 கோடி இந்திய ரூபாய்க்கு வாங்கியது. இருவரும் அதுவரை தம் நாட்டு அணிக்காக ஓர் ஆட்டமேனும் ஆடாதவர்கள். இருவருக்கும் குறித்திருந்த தொடக்க விலை 30 இலட்சமே. இது மதியீனமா, மதிநுட்பமா?

அதிரடி ஆட்டக்காரனுக்கு ஏன் இத்துணை மதிப்பு என்பதை முதலில் காண்போம். கணக்கு எளிது. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 300 பந்துகள். இழக்கத்தக்க விக்கெட்டுகள் பத்து. ஆகவே முப்பது பந்துக்கு ஒரு விக்கெட் போனாலும் கேடில்லை. இருபது ஓவர் ஆட்டத்திலோ பந்துகள் 120. விக்கெட்டுகள் அதே பத்து. பன்னிரண்டு பந்துக்கு ஒருவர் வீழ்ந்தாலும் ஆட்டம் முடியும்வரை ஆள் இருக்கும். விக்கெட் மலிந்துவிட்டது, பந்து அருமையாகிவிட்டது. எனவே நாற்பது பந்து நின்று நாற்பது ஓட்டம் எடுப்பவன், பத்துப் பந்தில் இருபத்தைந்து எடுத்து வீழ்பவனிலும் தன் அணிக்குத் தாழ்ந்தவனாய் விடுகின்றான்.

இந்த உண்மையை ஐம்பது ஓவர் ஆட்டத்திலேயே உலகுக்கு உணர்த்தியது நம் இலங்கை அணியன்றோ! 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில், முதற் பதினைந்து ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இரு களத்தடுப்பாளரே நிற்கலாம் என்ற விதியைச் சனத் ஜயசூரியவும் றொமேஷ் களுவித்தாரணவும் ஆயுதமாக்கினர். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஜயசூரிய 44 பந்துகளில் 82 ஓட்டங்கள் குவித்தார். ஆயினும் கல்கத்தாவில் நடந்த அரையிறுதியில் அவர் எடுத்தது ஒன்று. களுவித்தாரண எடுத்தது சுழி. லாகூரில் நடந்த இறுதியாட்டத்தில் முறையே ஒன்பதும் ஆறும். அவ்விரு நாளும் இலங்கையைத் தாங்கியவர் அரவிந்த டி சில்வா. அரையிறுதியில் 66, இறுதியில் ஆட்டமிழக்காமல் 107. தொடரின் சிறந்த வீரர் விருதோ ஜயசூரியவுக்கே சென்றது. அதில் தவறு காணேன். அதிரடி வீரன் தோற்கும் நாள்கள் அவன் விலையிலேயே அடங்கியிருக்கின்றன. ஆனால் அந்நாள்களைத் தாங்க ஓர் அரவிந்தர் பின்னே இல்லையேல், அவனை வாங்கியவன் கதி அதோகதிதான்.

இனி, துணிந்து கொடுத்த விலை பொய்த்துப் போவதைப் பார்ப்போம். அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில் கிறிஸ் டேவிஸ் என்பவர் 2015இல் 47 முறை பந்தை அரங்கின் எல்லைக்கு அப்பால் அனுப்பினார். மறுஆண்டு பால்டிமோர் அணி அவரோடு ஏழாண்டு ஒப்பந்தம் செய்தது. தொகை 161 மில்லியன் டொலர். 2018இன் இறுதியிலும் 2019இன் தொடக்கத்திலுமாக 54 வாய்ப்புகளில் தொடர்ந்து ஒரு முறையேனும் அவரால் பந்தை அடித்துத் தளம் சேர இயலவில்லை. 2021இல் ஓய்வு பெற்றார். அந்நாட்டு வழக்கப்படி, ஆட்டம் கெட்டது என்று ஒப்பந்தப் பணத்தைக் குறைக்க முடியாது. அணி ஏழாண்டுக்கும் கடன்பட்டது.

இந்திய ஏலத்தில் இவ்விடர் சிறிது. 2025ஆம் ஆண்டுப் பருவத்துக்கு 23.75 கோடிக்குக் கொல்கத்தா அணி வாங்கிய வெங்கடேஷ் ஐயர் அப்பருவத்தில் எடுத்தது 142 ஓட்டங்கள். அணி அவரை விடுவித்தது. அடுத்த ஏலத்தில் பெங்களூர் அணி 7 கோடிக்கு வாங்கியது. ஓராண்டிலே விலை மூன்றிலொன்றுக்கும் கீழே இறங்கிற்று. அணி தப்பியது, இறக்கம் ஆட்டக்காரனின் தலையில் விழுந்தது.

இவையெல்லாம் எங்கள் கடலுக்குப் புதியனவல்ல. சலாபத்தில் எடுத்த சிப்பிகளை மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் கூறுவர். ஒரு சிப்பியும் திறக்கப்பட்டிராது. வாங்கிய வணிகன் அவற்றை அழுகவிட்டுக் கழுவிப் பார்த்த பின்னரே, பெற்றது முத்தா வெறும் ஓடா என்றறிவான். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் கிடைத்தன. அந்த விளைச்சலின் சூடு ஆறுமுன்னரே, 1906இல், முத்துக்குளிப்பு நிறுவனமொன்று ஆண்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா வாடகையில் இருபது ஆண்டுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் நெடுங்காலம் சலாபமே நடைபெறவில்லை. நீரோட்டம் குஞ்சுச் சிப்பிகளை அடித்துச் சென்றுவிடும்; திருக்கை போன்ற மீன்கள் தின்றுவிடும். குத்தகைக்காலம் முடியுமுன்னரே நிறுவனம் கலைந்தது. டேவிசுக்கு விலை கூறியவர் செய்த பிழையும் இதுவே. உச்சத்தைக் கண்டு அதுவே வழமை என்று எண்ணிவிட்டனர்.

அப்படியாயின் சென்னை அணி செய்ததும் பிழையா? பிழையென்று நான் துணியேன். ஓர் அணி அந்தப் பருவத்துக்குச் செலவிடக்கூடிய தொகை 125 கோடி. இளைஞர் இருவருக்கும் ஆன 28.40 கோடி, அதில் ஐந்திலொரு பங்கினும் சற்றே மிகுதி. எஞ்சிய பணத்தில் இருபதுக்கு மேற்பட்ட வீரர்கள் இருப்பர். இருவரும் பொய்த்தாலும் அணி மறுபருவம் வேறு சிப்பி வாங்கும். பல சிப்பி வாங்க வல்லவனுக்கு ஒரு சிப்பி வெறும் ஓடாவது இழப்பேயன்றி அழிவன்று.

என் மாணவனின் நிலை வேறு. அவன் வாங்குபவனல்லன், கடலில் மூழ்குபவன். பழைய சலாபத்தில் மூழ்கியவனுக்கு எடுத்த சிப்பியில் மூன்றிலொன்று. ஏனைய இரண்டும் அரசுக்கு. சுறாவும் மூச்சடைப்பும் மட்டும் முழுவதும் அவனுக்கே. அபுதாபி ஏலத்திலே நிரப்பவேண்டியிருந்த இடங்கள் 77. பெயர் பதிந்தோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024இல் ஹைதராபாத் அணிக்கு ஆடியது கண்டு நாம் மகிழ்ந்தோம். அந்த இடமும் காயமுற்ற இன்னொருவருக்குப் பதிலாக வந்ததே. திறமை அவருடையது, வாய்ப்போ நீரோட்டம் கொண்டுவந்தது.

ஆகவே ஆசிரியராகிய நாம் அவனை ஆடாதே என்று தடுப்பதும் தவறு. படிப்பை விடு என்று தூண்டுவதும் தவறு. அணிக்குப் பல வீரர் இருப்பதுபோல அவனுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கவேண்டும். பயிற்சிக்கு மாலை, படிப்புக்கு இரவு என்று பிரித்துக் கொடுக்கவும், ஆட்டத்துக்குச் சென்ற நாளின் பாடத்தை மீண்டும் சொல்லித் தரவும் பாடசாலை முன்வரவேண்டும். இடரில் ஒரு பங்கை நாம் ஏற்காமல், அவனுக்கு அறிவுரை மட்டும் வழங்குவது நேர்மையாகாது.

அன்று திரும்பும் வழியில் அவனிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தான். பின்னர், “அப்ப சேர், சனிக்கிழமை மச் இருக்கு, திங்கட்கிழமை அந்தக் கணக்கைத் திரும்பச் செய்து காட்டுவீங்களோ?” என்றான்.

காட்டுவதாக ஒப்புக்கொண்டேன்.